அட்டாலி வாளும் அரபுக் கத்தியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "வீட்ல பழைய வாள், கத்தி, கட்டாரி வெச்சிருக்கறவங்க எழுதுங்க"ன்னு ஒரு மூலையில ஒரு வரி தான் போட்டிருந்தோம், அதுக்கு ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர், சேலம்னு நாலு பக்கமும் இருந்து கடுதாசியும் வாட்ஸ்அப்பும் வந்து குமிஞ்சிருச்சுங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்ல எடம் பத்தாது, பொதுவா எல்லாருக்கும் ஆகறத மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: அண்ணா, எங்க மாமனார் வீட்டு அட்டாலியில ஒரு வளைஞ்ச வாள் இருக்குதுங்க. பிடிக்கு மேல வட்டமா ஒரு தட்டு. பூரா துரு. சின்னமலை படையில இருந்த வாளுன்னு பெரியவங்க சொல்றாங்க. ஆயுத பூஜைக்குள்ள பட்டறையில குடுத்து சாணை புடிச்சு பளபளன்னு ஆக்கிரலாம்னு எங்க வீட்டுக்காரர் நிக்கறாரு. பண்ணலாமுங்களா?
(காங்கயம் பக்கமிருந்து ஒரு வாசகி)

பதில்: வேண்டாமுங்க அம்மணி, முதல்ல அந்த பட்டறைக்காரருக்கு போன் போட்டு வரலைன்னு சொல்லிருங்க, மீதிய பொறகு படிக்கலாம்.

நீங்க சொல்ற வட்டத்தட்டு பிடி தல்வார்ங்கற வட இந்திய வளைஞ்ச வாளோட பிடி. தட்டுக்கு நடுவுல ஒரு சின்ன குமிழ் இருக்கும், கீழ குறுக்க ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், சிலதுல விரலுக்கு காவலா ஒரு வளைவும் வரும். பிடிச்சு பார்த்தா "இது என்ன பொம்பளப் புள்ளைங்களுக்கு செஞ்சதா, கையே நுழையலயே"ன்னு தோணும், அது அப்படித்தான், கை இறுக்கமா உக்கார்றதுக்குன்னே சின்னதா வெச்சது. இதுல சாணைக்கு என்ன சம்பந்தம்னு கேட்டா, இந்த பிடியில ரிவெட்டு கெடையாது, அலகோட காம்பு கொஞ்ச தூரம் தான் பிடிக்குள்ள இறங்கும், அத அரக்கு ஊத்தி ஒட்டியிருப்பாங்க. கிரைண்டர்ல வெச்சு அழுத்துனா அலகு சூடேறும், சூடு பிடிக்கு போச்சுன்னா அரக்கு எளகி பிடி கழண்டு கையோட வந்துரும், அதுக்கும் மேல அந்த சூட்டுலயே இரும்போட பதமும் போயிரும். பொறகு எம்சீல் வெச்சு ஒட்டி கொண்டாந்து குடுப்பாங்க, இப்படி ஒட்டுன வாளுங்கள எத்தனையோ பார்த்தாச்சுங்க.

துருவுலயும் ரெண்டு ரகம் இருக்குது. செவப்பா பொடி பொடியா கையில ஒட்டறது உயிரோட இருக்கற துரு, அது இரும்ப தின்னுக்கிட்டே இருக்கும், அத எடுக்கணும். கருப்பா வழவழன்னு படிஞ்சிருக்கறது அடங்கிப்போன துரு, அத தொடவே வேண்டாம், வயசானதுக்கு அடையாளமே அதுதான். தையல் மிஷின் எண்ணெய்ய பருத்தித் துணியில தொட்டு தடவி ரெண்டு நாள் ஊற விடுங்க, பொறகு நாலு சைபர் ஸ்டீல் வூல்னு கேட்டா ஹார்டுவேர் கடையில கெடைக்கும், பிடிகிட்ட ஓரமா ஒரு எடத்துல மெதுவா தேச்சு பார்த்துட்டு அப்பறம் மீதிய பாருங்க. மஞ்ச மஞ்சயா ஏதாச்சும் கோடு எட்டிப் பார்த்துச்சுன்னா அங்கயே நிறுத்திருங்க, அது தங்கக் கம்பி வேலையா இருக்கும், ஒரு தேய் தேச்சா போயிரும். உப்புத்தாள், புளி, ஹார்பிக் எதுவும் ஆகாது. தேங்காண்ணெயும் வேண்டாம், நாளாக நாளாக பிசுக்கா மாறி தூச புடிச்சு வெச்சுக்கும்.

ஆயுத பூஜைக்கு வைங்க, நல்லா வைங்க, ஆனா எலுமிச்சம்பழத்த நுனியில குத்தி விட்டுட்டு மூணு நாள் கழிச்சு எடுக்கறது இருக்குது பாருங்க, அந்த சாறு எறங்குன எடத்துல இரும்பு குழி குழியா அரிச்சிருக்கும். சந்தனமும் தண்ணி கலந்தது தான். பூஜை முடிஞ்ச ராத்திரியே தொடைச்சு எண்ணெய் போட்டுருங்க.

சின்னமலை விஷயத்துக்கு வர்றேன். அவர சங்ககிரி கோட்டையில தூக்குல போட்டது 1805ல. தல்வாரோட உருவம் முகலாயர் காலத்துல இருந்து போன நூற்றாண்டு வரைக்கும் பெருசா மாறவே இல்ல, அதனால பிடிய மட்டும் பார்த்து 1800ஆ 1900ஆன்னு யாராலயும் சொல்ல முடியாது, சொல்றவன் பொய் சொல்றான். எழுத்து வெட்டியிருக்கணும், இல்ல பழைய பத்திரம், பட்டயம்னு ஏதாச்சும் கூடவே வந்திருக்கணும். நம்ம சீமையில சின்னமலை வாளுன்னு சொல்லிக்கற வாளுங்கள எல்லாம் ஒண்ணா அடுக்குனா ஒரு லாரி புடிக்குமுங்க. அதுக்காக உங்களுது சாதாரணம்னு அர்த்தமில்ல. அலகு பிடிகிட்ட தடிப்பா ஆரம்பிச்சு நுனிக்கு போகப் போக மெல்லிசாகுதா, பிடியில இருந்து ரெண்டு விரக்கடை தூரம் கூரே போடாம மொட்டையா விட்டிருக்காங்களா, இந்த ரெண்டும் இருந்துச்சுன்னா அது சண்டைக்கு செஞ்ச வாள். ஒரே தகட்ட வெட்டுன கணக்கா நெடுக ஒரே தடிப்பா இருந்தா சுவத்துல மாட்ட செஞ்சது.

கேள்வி: சார், ஆன்லைன்ல டமாஸ்கஸ் ஸ்டீல் குத்துவாள் ஒண்ணு 4,500 ரூபாய்க்கு வாங்கினேன், அலகு பூரா அலை அலையா டிசைன், சூப்பரா இருக்கு. பழைய அரபு நாட்டு பீஸ்னு போட்டிருந்தான். ஒரிஜினலா?
(சேலம், கல்லூரி மாணவர்)

பதில்: பழசும் இல்ல, அரபும் இல்ல தம்பி. வெள்ளையும் கருப்புமா பளிச்சுன்னு வரி தெரியுதுன்னா, ரெண்டு வித இரும்புத் தகட்ட மாத்தி மாத்தி அடுக்கி, சேத்து அடிச்சு, ஆசிட்ல முக்கி எடுத்த இன்னைக்கு சரக்கு அது. பாகிஸ்தான்ல வசீராபாத் பக்கம் இதே தொழிலா பண்ணி உலகம் பூரா அனுப்பறாங்க. கத்தியா அது மோசமில்ல, பழம் வெட்டலாம். பழசுன்னு சொல்லி வித்தது தான் தப்பு.

ஆனா நீங்க சேலத்துல உக்காந்துக்கிட்டு டமாஸ்கஸ்னு கேக்கறீங்க பாருங்க, அதுக்கு கொஞ்சம் நீட்டி பதில் சொல்லணும்.

பாரசீகம், அரபு நாடு, துருக்கின்னு அந்தக் காலத்துல பேர் வாங்குன வாளுங்கள்ல தண்ணியில அலை ஓடுற கணக்கா ஒரு ரேகை தெரியும், அது மேல வரைஞ்சது இல்ல, ஒட்டுனதும் இல்ல, இரும்போட உள்ளயே இருக்கறது, அதத்தான் டமாஸ்கஸ்னு சொல்றது. அதுக்கு மூலமான உருக்கு தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் மூசையில, அதாவது உலோகம் உருக்கற மண் குடுவையில வெச்சு காய்ச்சி கட்டியா கப்பல் ஏறுன உருக்கு. உங்க ஊரு கஞ்சமலை இரும்புத்தாதுக்கு பேர் போனது, இந்தப் பக்கம் நொய்யல் ஆத்தங்கரையில கொடுமணல்ல தோண்டுனப்ப இரும்பு காய்ச்சுன உலை, மூசைத் துண்டு எல்லாம் கெடைச்சிருக்குது. சென்னிமலையில இருந்து பக்கம் தான், ஒரு ஞாயித்துக்கெழம போயிட்டு வாங்க.

எப்படி செஞ்சாங்கன்னு ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் எழுதி வெச்சிருக்காரு, கிழக்கிந்திய கம்பெனி உத்தியோகத்த விட்டுட்டு 1830ல பரங்கிப்பேட்டையில இரும்பாலை ஆரம்பிச்சவர் அவரு. இரும்ப சின்னச் சின்ன துண்டா வெட்டி மண் மூசையில போட்டு, கூடவே காஞ்ச ஆவாரங்குச்சிய பொடிசா நறுக்கிப் போட்டு, மேல ஒண்ணு ரெண்டு பச்ச எருக்கல எலைய வெச்சு, வாய களிமண்ணால அடைச்சு, துருத்தி போட்டு காய்ச்சணும். குச்சியும் எலையும் உள்ளயே கரியாகி அந்தக் கரி இரும்புக்குள்ள ஏறும், நூத்துக்கு ஒண்ணு ஒண்ணரை பங்குன்னு ஏறும்போது உருகுற சூடும் கொறையும், கட்டி ஆறும்போது மெதுவா ஆறணும். நம்ம இட்டேரி வேலியில மொளைக்கற ஆவாரையும் எருக்கலையும் தானுங்க, நெனச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம் தான்.

அந்த கட்டிய வாளா அடிக்கறது இன்னொரு வித்தை. ரொம்ப சூடு காட்டுனா நொறுங்கிரும், கொறைஞ்ச செவப்புல திரும்பத் திரும்ப காய்ச்சி அடிக்க அடிக்க கரி சேந்த துகளுங்க வரிசை கட்டும், அதுதான் நாம பாக்கற ரேகை. ஃபாரடே, ஆமாங்க நம்ம பாடப்புத்தக கரண்டு ஃபாரடே தான், 1819 வாக்குல இந்த உருக்க வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. அவரால முழுசா புடிபடல. 1990கள்ல அமெரிக்காவுல வெர்ஹோவன்னு ஒரு உலோகவியல் பேராசிரியரும் பெண்ட்ரேன்னு ஒரு கொல்லரும் சேந்து, தாதுவுல துளியூண்டு கலந்திருக்கற வனேடியம்ங்கற உலோகம் மாதிரி சமாச்சாரம் தான் அந்த துகளுங்கள வரிசையில நிறுத்துதுன்னு செஞ்சே காட்டுனாங்க.

அடுத்த தடவ யாராச்சும் டமாஸ்கஸ்னு காட்டுனா சாய்வான வெளிச்சத்துல புடிச்சு பாருங்க. ஒரிஜினல் உருக்குல ரேகை மெல்லிசா, சாம்பல் நெறத்துல, ஒரே ஓட்டமா இருக்கும், பல சமயம் முதல்ல தெரியவே தெரியாது. ஜீப்ரா கணக்கா தூரத்துல இருந்தே தெரிஞ்சா அது அடுக்குத் தகடு. முதுகுப் பக்கமா திருப்புனா வரி அங்கயும் தொடருதா பாருங்க, தொடரலைன்னா அது வெறும் மேல் பிரிண்டு, அத திருப்பி அனுப்பி காச வாங்கிருங்க.

கேள்வி: ஐயா, நான் மஸ்கட்ல பத்து வருசமா வண்டி ஓட்டறேன். ஊருக்கு கெளம்பறப்ப அர்பாப் (எங்க முதலாளி) ஒரு பழைய கஞ்சர், அதான் ஓமன்காரங்க இடுப்புல கட்டற வளைஞ்ச குத்துவாள், குடுத்தாரு, வெள்ளி உறை, பெல்ட்டோட. இது எவ்வளவு பழசு, ஊருக்கு கொண்டாரலாமா?
(தாராபுரம்காரர், இப்ப மஸ்கட்)

பதில்: குடுத்த மனுசன் பெரிய மனுசனுங்க, கஞ்சர் ஓமன் நாட்டுக் கொடியிலயே இருக்கற சின்னம், 2022ல யுனெஸ்கோ பட்டியல்லயும் ஏறியிருக்குது, சும்மா யாருக்கும் தூக்கிக் குடுக்க மாட்டாங்க.

கஞ்சர்ல அலக விட உறையத்தான் முதல்ல பாக்கணும், மதிப்பு பெரும்பாலும் வெள்ளி வேலையில தான் இருக்குது. வெள்ளிக் கம்பிய கையால பின்னியிருந்தா ஒரு சுத்து கொஞ்சம் நெருக்கமாவும் ஒரு சுத்து தளர்வாவும் இருக்கும், மிஷின்ல அச்சு போட்டது எல்லா எடத்துலயும் ஒரே அளவா இருக்கும். உறையோட பின்பக்கம் பாருங்க, இடுப்புல உரசி உரசி தோலும் வெள்ளியும் மழுங்கியிருக்கணும். முன்னாடி பூரா கருத்து "பழசா" இருந்து பின்பக்கம் புதுசா இருந்துச்சுன்னா கருக்க வெச்சது. அந்தக் காலத்துல வெள்ளிய, மரியா தெரேசாங்கற ஆஸ்திரியா ராணி பேர்ல அடிச்ச வெள்ளிக் காச உருக்கித்தான் நெறைய எடுத்தாங்க, அந்த காசு எந்த வருசம் அடிச்சாலும் 1780ன்னே போட்டிருக்கும். கடைக்காரர் கஞ்சர் கூட அந்த காச வெச்சு "1780 பீஸ்"னு சொல்றத கேட்டு ஏமாந்த நம்மாளுங்க உண்டு.

பிடி என்னன்னு உறுதியா தெரிஞ்சுக்கிட்டு கெளம்புங்க. மரம், பிசின், பிளாஸ்டிக்னா பிரச்சனையில்ல. காண்டாமிருகக் கொம்பா இருந்தா கொண்டாரவே கூடாது, 1977ல இருந்தே உலக அளவுல வியாபாரத் தடை, நம்ம வனவிலங்கு சட்டமும் சேந்துக்கும். யேமன்ல ஜம்பியாங்கற அவங்க குத்துவாள் பிடிக்கு அந்தக் கொம்பு தான் கௌரவம்னு 1970கள்ல சவூதி பணம் பொழங்குனப்ப போட்டி போட்டு வாங்கி காண்டாமிருகத்தையே ஒழிச்சுக்கட்டப் பார்த்தாங்க, 1982ல அங்கயே இறக்குமதிய தடை பண்ணுனாங்க. டார்ச்ச பின்னாடி புடிச்சா கொம்புல முடி மாதிரி நெடுக சன்ன இழை தெரியும், பிளாஸ்டிக்ல தெரியாது. ஊசிய காய்ச்சி குத்தி பாக்கற வேலையெல்லாம் வேண்டாம்.

கையில எடுத்துக்கிட்டு ஃபிளைட் ஏற முடியாது, செக்இன் பெட்டியில போட்டு, எறங்குனதும் கஸ்டம்ஸ்ல நீங்களாவே சொல்லிருங்க, அர்பாப்கிட்ட அன்பளிப்புன்னு ரெண்டு வரி எழுதி வாங்கிக்குங்க.

கேள்வி: எங்க அப்புச்சி மலாயாவுல இருந்து வந்தப்ப ஒரு ஜப்பான் வாள் கொண்டாந்தாரு. சாமுராய் வாளுங்களா?
(கோபிசெட்டிபாளையம்)

பதில்: பிடிய பாருங்க. உலோகத்துல வார்த்து, மேல துணி சுத்துன மாதிரி அச்சு மட்டும் இருக்குதா, அலகுல பிடிகிட்ட நம்பர் வெட்டியிருக்குதா? ஆமான்னா அது 1935ல வந்த ராணுவ மாடல், சார்ஜெண்ட் மாதிரி ஆளுங்களுக்கு பேக்டரியில செஞ்சு குடுத்தது. உறையில இருக்கற நம்பரும் அலகு நம்பரும் ஒண்ணா இருந்தா சேகரிக்கறவங்களுக்கு சந்தோசம்.

நெசமாவே கயிறு சுத்தி, நடுவுல ஒரு மூங்கில் ஆணி இருந்துச்சுன்னா கொஞ்சம் நிதானமா போங்க. ஆணிய தட்டி எடுத்தா பிடி கழலும், உள்ள காம்புல எழுத்து இருக்கலாம். அந்தக் காம்புல இருக்கற கருந்துருவ மட்டும் உயிரே போனாலும் தொடைக்காதீங்க, ஜப்பான் வாளுக்கு வயசு சொல்றதே அந்தத் துரு தான், தேச்சு பளபளன்னு ஆக்குனா பாதி மதிப்பு அன்னைக்கே போச்சு. அலகுல கைரேக படாம புடிங்க, வேர்வ உப்பு ஒரே ராத்திரியில கறை போட்டுரும்.

கேள்வி: ஹைதராபாத்ல ஒரு வளைஞ்ச வாள் வாங்கினேன். தங்க எழுத்துல "ஷா அப்பாஸ்", "அசதுல்லா இஸ்ஃபஹானி"ன்னு பேரு இருக்குன்னு படிச்சு சொன்னாங்க. பெரிய புதையல் தானே?
(கோயமுத்தூர், மில் முதலாளி ஒருத்தர்)

பதில்: ஷா அப்பாஸ் பாரசீக மன்னர், அவர் ஆண்டது 1588ல இருந்து 1629 வரைக்கும். அசதுல்லாங்கறது இஸ்ஃபஹான்ல பேர் போன வாள் கொல்லர் பேரு. அந்த பேருக்கு இருந்த மவுசுனால அதுக்கப்பறம் எரநூறு வருசத்துக்கு மேல பாரசீகத்துலயும் இந்தியாவுலயும் செஞ்ச வாளுங்கள்ல எல்லாம் அந்த பேர வெட்டியிருக்காங்க, நல்ல சரக்குன்னு காட்டற முத்திரையாவே ஆயிப்போச்சு. அதனால எழுத்த நம்பி காசு குடுக்கக்கூடாது, இரும்ப நம்பித்தான் குடுக்கணும். எழுத்து தங்கக் கம்பிய அடிச்சு ஏத்துனதா, இல்ல தங்க பெயிண்டான்னு லென்ஸ் வெச்சு பாருங்க, பழைய வேலையில அங்கங்க தங்கம் உதுந்து அடியில குறுக்கும் நெடுக்குமா சுரண்டுன கோடு தெரியும், அந்த சொரசொரப்புல தான் தங்கம் புடிச்சு நிக்கறது.

பக்கத்துல நாலு கட்டம் போட்டு அரபு எண்ல 2, 4, 6, 8ன்னு இருக்குதா? அது காப்பு மந்திரக் கட்டம், நம்ம ஊர்ல தகடு எழுதி கட்டற மாதிரி. விலை நம்பர்னு நெனச்சுக்காதீங்க.

கேள்வி: புலி குத்துற கட்டாரி ஒண்ணு விலைக்கு வருது, பிடிய அமுக்குனா அலகு மூணா விரியுது. தஞ்சாவூர் ராஜா காலம், 300 வருசம்னு சொல்றாங்க. வாங்கலாமா அண்ணா?
(பொள்ளாச்சி)

பதில்: விரியறத காட்டி தான் உங்களுக்கு வலை விரிச்சிருக்காங்க. கத்திரி கட்டாரிங்கறது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுல வேடிக்கைக்குன்னு செஞ்சது, இன்னைக்கும் செய்யறாங்க. உள்ள எறக்கிட்டு புலி வயித்துக்குள்ள எவன் விரிப்பான், மாட்டிக்கிட்டா வெளிய வருமா?

தஞ்சாவூர் கட்டாரி எப்படி இருக்கும்னு பாக்கணும்னா எழும்பூர் மியூசியம் போங்க, தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில இருந்து வந்த சரக்கு அங்க இருக்குது. கை முட்டிய மூடற மாதிரி மேல ஒரு மறைப்பு வளைஞ்சு வரும், அதுல பொத்தல் வேலைப்பாடும் யாளியும் கொடியுமா இருக்கும், இரும்பத்தான் வெட்டியிருக்காங்கன்னா நம்ப முடியாது. அலகு பல சமயம் ஐரோப்பாவுல இருந்து வந்த வாளோட துண்டு, ரிவெட்டு அடிச்சு சேத்திருப்பாங்க, அதனால வெளிநாட்டு எழுத்து தெரிஞ்சா டூப்ளிகேட்னு ஒதுக்கிராதீங்க. புலி குத்தறதுக்கு அவ்வளவு ஆசைன்னா நம்ம பக்கத்து புலிகுத்திக் கல்லுங்கள, புலியோட சண்டை போட்டவங்களுக்கு வெச்ச நடுகல்லுங்கள, போய் பாருங்க, காசே வேண்டாம்.

கேள்வி: கெணறு தூர் வாரறப்ப இரும்புல ஒரு குத்துவாள் கெடைச்சுது. வெச்சுக்கலாங்களா?
(நொய்யல் கரையோரம்)

பதில்: கூடாதுங்க. 1878ஆம் வருசத்து புதையல் சட்டம் இன்னும் இருக்குது, மண்ணுக்குள்ள கெடைச்ச மதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேல போனா கலெக்டருக்கு தகவல் சொல்லியே ஆகணும். தாசில்தார் ஆபீஸ்ல எழுதி குடுங்க. அதுவரைக்கும் கழுவாதீங்க, தட்டாதீங்க, எண்ணெயும் போடாதீங்க, மண்ணோடவே டப்பாவுல வைங்க. கெடைச்ச எடத்த நாலு போட்டோ எடுத்துக்குங்க, பானை ஓடு, மணி ஏதாச்சும் கூட கெடந்துதான்னும் பாருங்க, கத்திய விட அந்த எடம் தான் தொல்லியல்காரங்களுக்கு முக்கியம்.

கேள்வி: வீட்ல வாள் வெச்சிருக்க லைசென்ஸ் வேணுமா? விக்கலாமா?
(பலர் கேட்டது)

பதில்: ஆயுதச் சட்டம் 1959, அதோட 2016 விதிங்கள்ல வாள், குத்துவாள், ஈட்டி, 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ உள்ள கத்தி எல்லாம் வருது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உள்ளது வராது, அதனால உங்க அருவாளுக்கு பயப்படாதீங்க. லைசென்ஸ் கட்டாயமாங்கறது உங்க பகுதிக்கு அரசாங்க அறிவிப்பு இருக்குதாங்கறத பொறுத்தது, கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுக்குங்க. 100 வருசம் தாண்டுனா 1972ஆம் வருசத்து தொல்பொருள் சட்டமும் சேந்துக்கும், தனி ஆளுங்க வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது, வியாபாரமா பண்றதுக்கு தொல்லியல் துறை லைசென்ஸ் வேணும். அமெரிக்காவுல இருக்கற மச்சானுக்கு கூரியர் போடலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. போட்டுராதீங்க.

அடுத்த தடவ போட்டோ அனுப்பறவங்களுக்கு: ஃபிளாஷ் போடாம, ஜன்னலோர வெளிச்சத்துல, வெறும் துணி மேல வெச்சு எடுங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல். முழு வாள் ஒண்ணு, பிடி ரெண்டு பக்கமும், அலகோட முதுகு மேலிருந்து ஒண்ணு, எழுத்து இருந்தா கிட்டத்துல ஒண்ணு. வாள தூக்கிப் புடிச்சு நிக்கற செல்ஃபி நெறைய வருதுங்க, அதுல மீச தான் நல்லா தெரியுது.